கல்லூரிப் பிள்ளையின் ஸ்காலர்ஷிப்புக்கு வரி உண்டா, யார் ரிட்டர்னில் காட்டுவது?

டெக்சஸில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 19 வயது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். 2025-ஆம் ஆண்டுக்காகக் கல்லூரி அனுப்பிய 1098-டி படிவத்தில் முதல் கட்டத்தில் (கட்டணம்) 11,400 டாலர், ஐந்தாம் கட்டத்தில் (ஸ்காலர்ஷிப்) 17,900 டாலர். கோடையில் வேலை பார்த்து 5,200 டாலர் சம்பாதித்திருக்கிறாள். கணவன் மனைவி சேர்ந்து போடும் ரிட்டர்னில் வருமானம் 1,50,000 டாலர். "கட்டணத்தைவிட ஸ்காலர்ஷிப் அதிகம், அதனால் உங்களுக்குக் கல்வி கிரெடிட் இல்லை, மிச்சத் தொகை மகளுக்கு வருமானம் என்று சாஃப்ட்வேர் சொல்கிறது. இது சரியா? எதை யார் ரிட்டர்னில் போடுவது?" என்பது அவர் கேள்வி.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். உங்கள் மகள் மத்திய வருமான வரியாக ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியதில்லை. உங்களுக்கு 2,500 டாலர் கல்வி கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழியும் தொகை, முழுதாகக் கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு மகள் தன் ரிட்டர்னில் ஸ்காலர்ஷிப்பிலிருந்து 9,900 டாலரை வருமானமாகக் காட்ட வேண்டும். சாஃப்ட்வேர் சொல்லும் கணக்குப்படி வருவதைவிட 4,000 டாலர் அதிகமாகக் காட்டச் சொல்கிறேன். வருமானத்தைக் கூட்டிக் காட்டினால் வீட்டுக்கு எப்படிப் பணம் வரும் என்று கேட்பீர்கள். சட்டம் இதற்கு இடம் தருகிறது. ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வருமான வரித் துறை, வெளியிடும் பப்ளிகேஷன் 970-லேயே உதாரணங்களோடு விளக்கியிருக்கிறார்கள்.

நான் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் வீட்டா மேசையில் உட்காருகிறேன். ஐஆர்எஸ் ஆதரவில் நடக்கும் இலவச ரிட்டர்ன் உதவித் திட்டம் அது. என்னைப் போன்ற தன்னார்வலர்கள் தேர்வு எழுதித் தேறிய பிறகுதான் அங்கே உட்கார முடியும். அந்தப் பயிற்சிக்குப் போவதற்கு முன், என் மகனின் முதலாண்டுக் கணக்கில் நீங்கள் நிற்கும் இதே இடத்தில்தான் நானும் நின்றேன். ஐந்தாம் கட்டம் முதல் கட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது. கிரெடிட் இல்லை என்று திரையில் வந்தது, சரி என்று மூடி வைத்துவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்துப் பயிற்சி வகுப்பில் இந்த விதியைப் படித்தபோதுதான் எவ்வளவு பணத்தை விட்டுவிட்டோம் என்று தெரிந்தது. மூன்று ஆண்டுக் கெடு முடியவில்லை என்பதால் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போட்டு வாங்கிவிட்டோம். கெடு தாண்டிப் போன குடும்பங்களை மேசையில் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1098-டி என்பது கல்லூரி ஐஆர்எஸ்-க்குக் கொடுக்கும் தகவல் படிவம், அவ்வளவுதான். சம்பளத்துக்கு வரும் டபிள்யூ-2 மாதிரி அதில் இருக்கும் எண்ணை எடுத்து ரிட்டர்னில் ஒட்ட முடியாது. முதல் கட்டம், அந்தக் காலண்டர் ஆண்டில் கல்விக் கட்டணத்துக்காகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பணம். நீங்கள் கட்டியது, கடன் வாங்கிக் கட்டியது, ஸ்காலர்ஷிப்பிலிருந்து வந்தது எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். ஐந்தாம் கட்டம், கல்லூரி வழியாக வந்த ஸ்காலர்ஷிப்பும் கிரான்டும். புத்தகக் கடையில் நீங்கள் செலவழித்தது அதில் இருக்காது. ஊர்ச் சங்கமோ அறக்கட்டளையோ மகள் பெயருக்கே நேராகக் காசோலை கொடுத்திருந்தால் அதுவும் இருக்காது, ஆனால் அதையும் நீங்கள் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஸ்காலர்ஷிப் எந்தச் செலவுக்கு என்று கொடுக்கப்பட்டது என்பதைப் பற்றி படிவத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது. உங்கள் கேள்விக்கான விடையோ அதில்தான் இருக்கிறது.

ஆகவே மகளைக் கல்லூரி இணையக் கணக்கில் நுழைந்து ஸ்டூடன்ட் அக்கவுன்ட் லெட்ஜரை, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, தேதிவாரியாக இறக்கித் தரச் சொல்லுங்கள். நான் மேசையில் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பேன். என் மகனுடைய லெட்ஜரில் ஒரு பக்கம் இன்னும் நினைவிருக்கிறது. டிசம்பர் 3-ஆம் தேதி வசந்தப் பருவக் கட்டணம் 5,480 டாலர் பற்று. அதன் கீழே மாணவர் நல மையக் கட்டணம் 308. ஜனவரி 9-ஆம் தேதி ஸ்காலர்ஷிப் 6,000 வரவு. அதே நாளில் 212 டாலர் 'ரீஃபண்ட்' என்று அவன் வங்கிக் கணக்குக்குப் போயிருந்தது. இந்த நாலு வரியில் எவ்வளவு விஷயம் பாருங்கள். பில் போட்டது ஒரு ஆண்டு, பணம் வந்தது அடுத்த ஆண்டு. 1098-டி பணம் வந்த ஆண்டைத்தான் பார்க்கும். நல மையக் கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்றாலும் அது கிரெடிட்டுக்குச் சேராது. அந்த 212 டாலர் கல்லூரி திருப்பிக் கொடுத்த பணம் போலத் தெரிந்தாலும், அது அவன் செலவுக்கு வந்த ஸ்காலர்ஷிப். மஞ்சள், பச்சை என்று இரண்டு ஹைலைட்டர் எடுத்துக்கொண்டு, கல்விக் கட்டணத்துக்கு ஒரு நிறம், மற்றதுக்கு ஒரு நிறம் என்று கோடு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஆண்டு மாறும் சிக்கல் கடைசி ஆண்டுப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். வசந்தப் பருவக் கட்டணத்தை முந்தின டிசம்பரிலேயே கட்டியிருப்பார்கள், ஸ்காலர்ஷிப் ஜனவரியில் வந்திருக்கும். அந்த ஆண்டுப் படிவத்தில் முதல் கட்டம் காலியாகவும் ஐந்தாம் கட்டம் நிறைந்தும் இருக்கும். பதறாமல் லெட்ஜரைப் பாருங்கள்.

இனி விதிக்கு வருவோம். பட்டப் படிப்பில் இருக்கும் மாணவருக்கு வரும் ஸ்காலர்ஷிப்பில், கல்விக் கட்டணம், கட்டாய ஃபீஸ், பாடத்துக்குத் தேவை என்று எல்லா மாணவர்களையும் வாங்கச் சொன்ன புத்தகங்கள், கருவிகள் ஆகியவற்றுக்குப் போகும் பகுதிக்கு வரி இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. விடுதி வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்து போகும் செலவு இவற்றுக்குப் போகும் பகுதி மாணவரின் வருமானம். மாணவரின் வருமானம் என்பதைக் கவனியுங்கள். பெற்றோர் ரிட்டர்னில் அதற்கு இடமே இல்லை. மகளை நீங்கள் டிபெண்டன்டாக (உங்களைச் சார்ந்திருப்பவளாக) காட்டினாலும் அவள் வருமானம் அவள் ரிட்டர்னில்தான் வரும்.

கிரெடிட் கதை நேர் எதிர். அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் என்பது, கல்விக் கட்டணம், புத்தகம், பாடக் கருவிகளுக்கான செலவில் முதல் 2,000 டாலருக்கு முழுசாக 2,000, அடுத்த 2,000 டாலருக்குக் கால்வாசியாக 500, மொத்தம் 2,500. மாணவரை யாராவது டிபெண்டன்டாகக் காட்டினால், அவர்தான் இதைக் கேட்க முடியும். பணத்தை மகளே கட்டியிருந்தாலும், தாத்தா கல்லூரிக்கு நேரே அனுப்பியிருந்தாலும், நீங்கள் கட்டியதாகவே கொள்ளப்படும். உங்கள் மகளுக்கு 24 வயது ஆகவில்லை, முழு நேர மாணவி, விடுதியில் இருப்பது தற்காலிகமாக வீட்டை விட்டிருப்பதாகவே கணக்கு. தன் செலவில் பாதிக்கு மேல் அவளே பார்த்துக்கொண்டாளா என்ற கேள்வியில் ஸ்காலர்ஷிப் சேராது. ஆகவே அவள் உங்கள் டிபெண்டன்ட்தான். சேர்ந்து ரிட்டர்ன் போடும் தம்பதிக்கு 1,60,000 டாலர் வருமானம் வரை கிரெடிட் முழுதாக உண்டு, அதற்கு மேல் குறைந்துகொண்டே போய் 1,80,000-ல் நின்றுவிடும். நீங்கள் 1,50,000-ல் இருக்கிறீர்கள், பிரச்சினை இல்லை.

அப்படியானால் தடை எங்கே? ஒரே கட்டணத்துக்கு இரண்டு சலுகை கிடையாது. வரியில்லாத ஸ்காலர்ஷிப்பால் கட்டிய கட்டணத்தைக் காட்டிக் கிரெடிட் கேட்க முடியாது. சாஃப்ட்வேர் உங்கள் ஸ்காலர்ஷிப் முழுவதையும் முதலில் கட்டணத்தின் மேல் கொட்டிவிட்டது. 17,900 பெரிது, 11,400 சிறிது, கட்டணமெல்லாம் மூடிவிட்டது, கிரெடிட்டுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அப்படித்தான் கொட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கட்டணம், விடுதி, சாப்பாடு எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கொடுத்த ஸ்காலர்ஷிப்பாக இருந்தால், அதில் ஒரு பகுதி விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனதாக வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியை மகள் வருமானமாகக் காட்டினால், அந்த அளவுக்குக் கட்டணம் கிரெடிட்டுக்கு விடுபடும். இதைத் தேர்ந்தெடுப்பது மாணவரின் உரிமை. இரண்டு நிபந்தனைதான். ஸ்காலர்ஷிப்பின் விதிமுறை அதற்கு இடம் தர வேண்டும். அந்த அளவுக்கு வாழ்க்கைச் செலவு உண்மையிலேயே இருந்திருக்க வேண்டும்.

எனவே விருதுக் கடிதங்களை எடுத்துப் படிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரப்படி, 12,000 டாலர் பல்கலைக்கழகத் தகுதி ஸ்காலர்ஷிப், படிப்புச் செலவு எதற்கும் செல்லும். 2,000 டாலர் உள்ளூர் அமைப்பு ஒன்று கல்லூரி வழியாகக் கொடுத்தது, அதிலும் கட்டுப்பாடு இல்லை. துறை கொடுத்த 3,900 டாலரில் மட்டும் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே என்று எழுதியிருக்கிறது. அதை நகர்த்த முடியாது, கட்டணத்தில்தான் கழிக்க வேண்டும். கட்டணம் 11,400, கட்டாயப் புத்தகங்கள் 600, ஆக 12,000. அதில் துறையின் 3,900 போனால் 8,100. இந்த 8,100-ல் 4,000 டாலரைக் கிரெடிட்டுக்கு என்று தனியாக ஒதுக்கி வையுங்கள். அதற்கு மேல் ஒதுக்குவதில் பயனில்லை, கிரெடிட் 4,000-க்கு மேல் பார்க்காது. மீதி 4,100 டாலரைப் பொது ஸ்காலர்ஷிப்பிலிருந்து கழியுங்கள். பொது ஸ்காலர்ஷிப் 14,000-ல் 4,100 போக 9,900. அது விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனதாகக் காட்டுகிறீர்கள். விடுதிச் செலவு 13,000 டாலர் என்று சொன்னீர்கள், 9,900 அதற்குள் அடங்குகிறது. கணக்கு நியாயமாக நிற்கிறது.

இப்போது மகள் பக்கம். சம்பளம் 5,200, ஸ்காலர்ஷிப் 9,900, மொத்தம் 15,100 டாலர். நிலைக்கழிவு, அதாவது வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், டிபெண்டன்டாக இருக்கும் பிள்ளைக்கு முழுதாகக் கிடைக்காது. உழைத்துச் சம்பாதித்ததோடு 450 சேர்த்தால் வரும் தொகை அல்லது 1,350, இவற்றில் எது பெரிதோ அது, உச்சவரம்பு 15,750. இவை 2025-க்கான எண்கள். பலர் இங்கே, ஸ்காலர்ஷிப் உழைத்த பணம் அல்லவே, கழிவு 5,650-தானே என்று நினைத்து மகளுக்கு வரி போட்டுவிடுவார்கள். இந்தக் கழிவைக் கணக்கிடும்போது மட்டும் வரிக்குரிய ஸ்காலர்ஷிப்பை உழைத்த வருமானமாகவே எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. ஆகவே கழிவு 15,100-உம் 450-உம் சேர்ந்து 15,550. வரிக்குரிய வருமானம் பூஜ்யம்.

4,000 டாலர் கூடுதலாகக் காட்டாமல் சாஃப்ட்வேர் சொன்னபடியே விட்டிருந்தாலும் மகளுக்கு வரி பூஜ்யம்தான். வித்தியாசம் உங்கள் ரிட்டர்னில். அங்கே 2,500 டாலர் வரி குறைகிறது.

ஸ்காலர்ஷிப்பின் இன்னொரு முகத்தையும் சொல்லாவிட்டால் யாராவது சூடு படுவார்கள். கழிவுக்கு அது உழைத்த வருமானம் என்று சொன்னேன் அல்லவா, கிட்டி டாக்ஸ் என்று சொல்கிறார்களே, அதற்கு வரும்போது அதே பணம் உழைக்காத வருமானமாகிவிடும். டபிள்யூ-2-ல் வராத வரிக்குரிய ஸ்காலர்ஷிப் வட்டி, டிவிடெண்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 24 வயதுக்குக் கீழ் உள்ள முழு நேர மாணவர், தன் சம்பாத்தியத்தால் தன் செலவில் பாதிக்கு மேல் தாங்கவில்லை என்றால், 2,700 டாலருக்கு மேற்பட்ட உழைக்காத வருமானத்துக்குப் பெற்றோரின் வரி விகிதம் பொருந்தும். ஃபார்ம் 8615 அதற்குத்தான். உங்கள் மகளுக்கு வரிக்குரிய வருமானமே இல்லை என்பதால் அது தொடாது. முழு ஸ்காலர்ஷிப்பில் படிக்கும் பிள்ளைகளை அது நன்றாகவே தொடும், அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன்.

எதை எங்கே எழுதுவது என்பது சிறிய வேலை. மகளுடைய 1040-ல், அதாவது ரிட்டர்ன் படிவத்தில், சம்பளம் வழக்கம்போல 1ஏ லைனில். 9,900 டாலர் ஷெட்யூல் 1-ல் 8ஆர் லைனில் போகும். 2022-க்கு முன்னால் சம்பள லைனின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தோம், பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வேறொருவர் தன்னை டிபெண்டன்டாகக் காட்டலாம் என்ற இடத்தில் அவள் கட்டாயம் டிக் செய்ய வேண்டும். இந்த டிக்கை மறந்துவிட்டு மின்னணு வழியில் முந்தி அனுப்பிவிட்டால் உங்கள் ரிட்டர்ன் திரும்பி வரக்கூடும், ஆண்டுதோறும் மேசையில் இதைப் பார்க்கிறேன். உங்கள் ரிட்டர்னில் ஃபார்ம் 8863, அதில் கல்லூரியின் வரி அடையாள எண்ணான ஈஐஎன்-உம் 4,000 டாலர் செலவும். இந்த வருமானத்துக்கு மகள் ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் போடச் சொல்லுங்கள். சம்பளத்தில் பிடித்த வரி திரும்ப வரும். அதைவிட முக்கியம், ஸ்காலர்ஷிப்பை வருமானமாக எடுத்துக்கொண்டோம் என்பதற்கு எழுத்தில் சாட்சி வேண்டும்.

சாஃப்ட்வேரில் இதைச் செய்ய வைப்பது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். ஸ்காலர்ஷிப்பில் எவ்வளவு தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போனது என்று எங்கோ ஒரு கேள்வி வரும். உங்கள் ரிட்டர்னிலும் மகள் ரிட்டர்னிலும் அந்த இடத்தில் 9,900 என்று போடுங்கள்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இந்த விதி இன்னும் பெரிய விஷயம். ஒரு சனிக்கிழமை, கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் பையன் தன் அம்மாவோடு வந்தான். கட்டணம் 3,100, மத்திய அரசு உதவியான பெல் கிரான்ட் 6,200. கிரான்ட் இரட்டிப்பாக இருக்கிறதே, இவர்களுக்கு எங்கே கிரெடிட் என்றுதான் யாரும் சொல்வார்கள். பெல் கிரான்ட் வாழ்க்கைச் செலவுக்கும் செல்லும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அதற்கு மேலேயே அவர்கள் செலவழித்திருந்தார்கள். 6,200 முழுவதையும் பையன் வருமானமாகக் காட்டினான், அவனுக்கு வரி பூஜ்யம். 3,100 கட்டணம் முழுவதும் விடுபட்டு, அம்மாவுக்கு 2,275 டாலர் கிரெடிட் வந்தது. இந்தக் கிரெடிட்டில் 40 சதவீதம் வரியே இல்லாவிட்டாலும் கையில் கிடைக்கும், அதுவே 910 டாலர். அந்த அம்மா எண்ணை இரண்டு முறை படித்துவிட்டு, பையனின் அடுத்த பருவப் பஸ் பாஸுக்கு ஆகும் என்றார். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும் என்ற அளவுக்கு வருமானம் ஏறிவிட்டால், அரசின் காப்பீட்டுச் சந்தை (மார்க்கெட்பிளேஸ்) வழியாக மருத்துவக் காப்பீட்டு மானியம் வாங்கும் குடும்பத்தில் அந்த வருமானமும் சேர்ந்துவிடும்.

மறுபக்கம், இருவரும் ஐடி வேலையில் இருந்து 1,80,000-ஐத் தாண்டிய வீடுகள். நம்மவர்களில் இப்படி நிறையப் பேர், எங்களுக்குத்தான் எதுவும் கிடைக்காதே என்று 1098-டி-யை உறையிலிருந்து பிரிப்பதே இல்லை. அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பிள்ளையை டிபெண்டன்டாகக் காட்டும் உரிமை இருந்தும் நீங்கள் காட்டாமல் விட்டால், பிள்ளையே கிரெடிட் கேட்கலாம். கையில் வரும் 40 சதவீதப் பகுதி பிள்ளைக்குக் கிடையாது, இருக்கும் வரியைக் கழிக்க மட்டும் செல்லும். நீங்கள் இழப்பது டிபெண்டன்டுக்கான 500 டாலர். ஆகவே பிள்ளைக்கு வரி இருந்தால்தான் இது பயன்படும்.

பாஸ்டனில் படிக்கும் பையன் என்று வைத்துக்கொள்வோம். விடுதி, சாப்பாட்டுக்கே 24,000 ஆகிறது. ஸ்காலர்ஷிப்பில் 20,000 டாலர் வரிக்குரியது, கோடைச் சம்பளம் 6,000. கழிவு 15,750 போக 10,250-க்கு வரி. கிட்டி டாக்ஸால் அது முழுதும் அப்பா அம்மாவின் 24 சதவீதத்தில், 2,460 டாலர். இப்போது இன்னும் 4,000 டாலர் ஸ்காலர்ஷிப்பை வரிக்குரிய வருமானப் பக்கம் நகர்த்துகிறோம். 14,250-க்கு வரி 3,420, அதில் கிரெடிட் 2,500 போனால் 920. மிச்சம் 1,540, இழந்த 500-ஐக் கழித்தால் குடும்பத்துக்கு 1,040 டாலர் லாபம். இதில் நகர்த்தும் முதல் 2,000 டாலர்தான் வேலை செய்கிறது. அடுத்த 2,000-க்குக் கிரெடிட் 500, வரி 480, கிடைப்பது 20 டாலர். 2,000-ஓடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை. எப்படி இருந்தாலும் பையன் டிபெண்டன்டாகக் காட்டப்படக்கூடியவன் என்ற டிக் அப்படியே இருக்க வேண்டும். நீங்கள் காட்டாமல் விட்டாலும் அவனுக்கு டிபெண்டன்டுக்கான நிலைக்கழிவு விதிதான் பொருந்தும்.

529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 529 பணத்தை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எடுக்கலாம், பாதி நேரமாவது படித்தால் போதும். ஆனால் ஸ்காலர்ஷிப் போனதாகக் காட்டிய அதே விடுதிச் செலவை 529-க்கும் காட்டக் கூடாது, கிரெடிட்டுக்கு ஒதுக்கிய 4,000-ஐயும் காட்டக் கூடாது. முதலில் கிரெடிட்டுக்கு 4,000, பிறகு ஸ்காலர்ஷிப், கடைசியில் மிஞ்சியதற்கு 529 என்று வரிசை வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. வரியில்லா ஸ்காலர்ஷிப் வந்த அளவுக்கு 529-லிருந்து எடுத்தால் அதன் லாபத்துக்கு வரி உண்டு, 10 சதவீத அபராதம் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து நேராக எஃப்-1 விசாவில் படிக்க வந்தவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் பெரும்பாலும் அவர்கள் வரிக் கணக்கில் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான 1040-என்ஆர்தான் போட வேண்டும், கல்வி கிரெடிட் கிடையாது. விடுதிக்கு வந்த ஸ்காலர்ஷிப்பில் கல்லூரி 14 சதவீதம் பிடித்துக்கொண்டு 1042-எஸ் என்ற படிவம் கொடுக்கும். ஆனால் இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது விதி இந்திய மாணவர்களுக்கு நிலைக்கழிவைத் தருகிறது, மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்கு இல்லாத சலுகை, அதை விட்டுவிடக் கூடாது. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4-ல் வளர்ந்து 21 வயதில் எஃப்-1-க்கு மாறிய பிள்ளைகளுக்கும் வரிக் கணக்கில் நிலை மாறலாம், அதைத் தனியாக ஒருவரிடம் உட்கார்ந்து பாருங்கள். 2026-ஆம் வரி ஆண்டிலிருந்து கல்வி கிரெடிட்டுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். அதற்குப் பதிலாக ஐஆர்எஸ் தரும் ஐடின் எண்ணோடு இருக்கும் எச்-4 குடும்பங்கள் 2025 கணக்கை ஒழுங்காக முடித்துவிடுவது நல்லது.

கூடுதல் வருமானம் காட்டினால் அடுத்த ஆண்டு உதவித்தொகை குறையுமோ என்ற பயம் நியாயமானது. ஃபாஃப்சா என்ற உதவித்தொகை விண்ணப்பத்தில், ரிட்டர்னில் வருமானமாகக் காட்டிய ஸ்காலர்ஷிப் எவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். அங்கே 9,900 என்று மறக்காமல் எழுதினால் அது கழிக்கப்பட்டுவிடும், எழுத மறந்தால்தான் பாதிப்பு. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாததால் உங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் மாநில ரிட்டர்னையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மகள் இரண்டாம் ஆண்டு என்றால் 2024 ஆகஸ்டில் சேர்ந்திருப்பாள். அந்த ஆண்டு ரிட்டர்னிலும் சாஃப்ட்வேர் இதையே சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கிரெடிட் ஒரு மாணவருக்கு நாலு ஆண்டுகளுக்குத்தான். நாலாண்டுப் படிப்போ ஐந்து காலண்டர் ஆண்டுகளில் விழுகிறது, உங்கள் மகளுக்கு 2024 முதல் 2028 வரை. ஒன்றை விட்டே ஆக வேண்டும். 2028-ல் அவள் மே மாதம் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடியேறியிருக்கலாம், அப்போது உங்கள் டிபெண்டன்டாக இருப்பாளா என்று இன்று சொல்ல முடியாது. 2024-ல் உறுதியாக இருந்தாள். ஆகவே அந்த ஆண்டு லெட்ஜரையும் இப்போதே இறக்குங்கள். இலையுதிர் பருவக் கட்டணமும் புத்தகமும் சேர்ந்து 4,000 டாலரைத் தொட்டால், மகள் பெயரில் ஒன்று, உங்கள் பெயரில் ஒன்று என்று இரண்டு 1040-எக்ஸ் போடுங்கள். அவள் அந்த ஆண்டு ரிட்டர்னே போடவில்லை என்றால் சாதாரண 1040 போதும். 2024-க்கு நிலைக்கழிவின் உச்சவரம்பு 14,600, குறைந்தபட்சம் 1,300. இந்த எண்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். 2028 ஏப்ரல் நடுப்பகுதி வரை கெடு இருக்கிறது, ஆனால் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். பழைய லெட்ஜர்களும் விருதுக் கடிதங்களும் மகள் கல்லூரியில் இருக்கும்போது எடுப்பது எளிது.